அப்பத்தாவின் இரண்டாவது ஓட்டு

எங்கள் வீட்டில் தேர்தல் வந்துவிட்டால் அதனோடு கூடவே ஒரு வேடிக்கையும் வந்து சேரும். எல்லோரும் ஓட்டுச் சாவடிக்குப் போய்த் திரும்பி, விரலில் இட்ட மையை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்போம். அப்பொழுது என் அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே மெதுவாக ஆரம்பிப்பாள்.

"இதென்னடா ஓட்டு, ஒத்தை ஓட்டு! நானெல்லாம் ஒரே நாளிலே ரெண்டு ஓட்டுப் போட்டவ."

"கேட்டீர்களா சங்கதியை? ஆத்தா கள்ள ஓட்டுப் போட்டிருக்கு! போலீஸிலே சொல்லிவிடலாமா?" என்பார் சித்தப்பா. திண்ணை முழுவதும் சிரிப்பொலி எழும். அப்பத்தாவுக்குக் கோபம் வந்துவிடும். "கள்ள ஓட்டு இல்லேடா. ஆபீசரே ரெண்டு சீட்டுக் கொடுத்தார். வட்டம் போட்ட காளைக்கு ஒண்ணு, வட்டம் போடாத காளைக்கு ஒண்ணு" என்பாள். காளையாம், அதற்கு வட்டமாம்! கிழவிக்குப் புத்தி தடுமாறுகிறது என்று பிள்ளைகளாகிய நாங்களும் சேர்ந்து சிரிப்போம்.

நான் சரித்திரம் படித்துப் பட்டம் பெற்று, கன்னிவாடியிலே பிள்ளைகளுக்கு அதையே போதிக்கும் உத்தியோகத்துக்கு வந்த பிறகுதான் ஓர் உண்மை விளங்கிற்று. அன்று திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களுள் சரித்திரம் அறிந்தவள் அப்பத்தா ஒருத்தியே. சிரித்த நாங்கள் அத்தனை பேரும் அறியாதவர்கள்.

அக்காலத்தில் எங்கள் குடும்பம் நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்தது. 1957-ம் வருஷத்துப் பொதுத் தேர்தலில் நிலக்கோட்டை இரட்டை அங்கத்தினர் தொகுதி. அதாவது, ஒரே தொகுதியிலிருந்து இரண்டு பேர் சட்டசபைக்குப் போவார்கள். ஒரு ஸ்தானம் பொது. மற்றொன்று தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கென ஒதுக்கப்பட்டது. தொகுதியிலுள்ள ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. இப்பொழுது போலச் சீட்டில் முத்திரை குத்துவதோ, இயந்திரத்தில் பொத்தானை அமுக்குவதோ அன்று இல்லை. மறைப்புக்குள்ளே ஒவ்வோர் அபேட்சகருக்கும் ஒரு பெட்டி வைத்து, அதன்மேல் அவருடைய சின்னத்தை ஒட்டியிருப்பார்கள். சீட்டை விரும்பிய பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். ஒரே கட்சிக்கு இரண்டு அபேட்சகர்கள் நின்றால் இரண்டு பெட்டிகளையும் எப்படிப் பிரித்தறிவது? அதற்காகவே ஒருவருடைய சின்னத்தைச் சுற்றி வட்டம் போட்டார்கள். அப்பத்தாவின் காளைக்கு வட்டம் வந்த கதை இதுதான்.

அந்தத் தேர்தலில் நிலக்கோட்டையிலிருந்து சென்னைச் சட்டசபைக்குச் சென்ற இருவர் சந்திரசேகரன் அவர்களும், ஏ. எஸ். பொன்னம்மாள் அவர்களும் ஆவர். இருவரும் காங்கிரஸ் அபேட்சகர்கள். பின்னவர் தாழ்த்தப்பட்ட வகுப்பிலே பிறந்த பெண்மணி. அதன் பிறகு பல தேர்தல்களைக் கண்டு, ஏழு முறை சட்டசபை அங்கத்தினராக விளங்கியவர். அந்த நீண்ட பொதுவாழ்வின் முதற்படி இந்த இரட்டைத் தொகுதிதான்.

இவ்வளவு விசித்திரமான ஏற்பாடு எங்கிருந்து வந்தது, ஏன் மறைந்தது, மறைந்ததனால் நாம் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதை நேயர்களோடு இவ்வாரம் சிந்திக்கலாம் என்று எண்ணுகிறேன்.

எங்கள் கன்னிவாடி பழைய பாளையம். நாயக்க மன்னர் காலத்து மதுரைப் பாளையங்களுள் ஒன்று, பிறகு ஜமீன். பல தலைமுறைகளாக இங்கே ஊரின் காரியத்தை ஒருவர் தீர்மானிப்பார். மற்றவர்கள் கைகட்டி நிற்பார்கள். அந்தக் கைகட்டி நிற்போர் கூட்டத்திலும் சேராமல், ஊருக்கு வெளியே நின்றவர்கள் சிலர் உண்டு. அவர்களுடைய குரல் சட்டசபைக்குள்ளே எப்படி நுழைந்தது என்பதுதான் இரட்டைத் தொகுதியின் சரித்திரம்.

மாண்டேகு - செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி 1920-ல் அமைந்த சென்னை ராஜதானிச் சட்டசபைக்கு 98 பேர் தேர்தல் மூலம் வந்தார்கள். ஆனால் தொகுதிகள் 61-தான். கணக்கைப் பார்த்தாலே சில தொகுதிகளுக்கு ஒருவருக்கு மேற்பட்ட அங்கத்தினர்கள் இருந்தது தெரியும். அவற்றில் 28 ஸ்தானங்கள் பிராமணரல்லாதாருக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. பலர் சேர்ந்து ஓட்டளிக்கும் ஒரு தொகுதிக்குள்ளே ஒரு வகுப்பினருக்கு ஓர் இடத்தை உறுதி செய்து வைக்கும் முறைக்கு நம் ராஜதானியில் அன்றே வித்து விழுந்துவிட்டது. தாழ்த்தப்பட்டோருக்கோ அன்று தேர்தலில் இடமில்லை. எம். சி. ராஜா போன்ற சிலர் சர்க்காரால் நியமிக்கப்பட்டே உள்ளே சென்றார்கள்.

அதற்குப் பின் வட்டமேஜை மகாநாடு கூடிற்று. டாக்டர் அம்பேத்கரும் நம் நாட்டு இரட்டைமலை ஸ்ரீநிவாசனும் அங்கே சென்று தம் மக்களுக்காக வாதாடினர். 1932-ல் பிரிட்டிஷ் பிரதம மந்திரி அளித்த தீர்ப்பு, மாகாணச் சட்டசபைகளில் தாழ்த்தப்பட்டோருக்கு 71 ஸ்தானங்களைத் தனி வாக்காளர் தொகுதி முறையில் கொடுத்தது. அதை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்ததையும், அதன் முடிவில் செப்டம்பர் 24-ம் தேதி பூனா ஒப்பந்தம் ஏற்பட்டதையும் நேயர்கள் அறிவார்கள். ஒப்பந்தத்தின்படி ஸ்தானங்கள் 148 ஆயின. அவற்றுள் 30 சென்னைக்கு. ஆனால் தனித் தொகுதி போய்க் கூட்டுத் தொகுதி வந்தது. முதலில் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் கூடி நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நால்வரில் ஒருவரை எல்லா வகுப்பாரும் சேர்ந்து ஓட்டளித்து அனுப்ப வேண்டும்.

இவ்விதம் 1937-ல் கூடிய சென்னைச் சட்டசபையில் மொத்தம் 215 ஸ்தானங்கள். பொது ஸ்தானங்கள் 146; அவற்றுள் 30 ஒதுக்கப்பட்டவை. முஸ்லிம்களுக்கு 28, பெண்களுக்கு 8, ஜமீன்தார்களுக்கு 6 என்று இன்னும் பல பிரிவுகள். காங்கிரஸின் மஞ்சள் பெட்டி பெருவெற்றி பெற்று 159 ஸ்தானங்களைக் கைப்பற்றியதும், ராஜாஜியின் மந்திரிசபையில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த வி. ஐ. முனுசாமிப் பிள்ளை மந்திரியானதும் அப்பொழுதுதான். எனினும், சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவர்களுக்கே அன்று ஓட்டு இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. சேரியில் எத்தனை பேருக்கு அது கிட்டியிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

குடியரசு பிறந்து வயது வந்தோர் அனைவருக்கும் ஓட்டுரிமை வந்தபோது, பழைய ராஜதானியின் இந்தக் கூட்டுத் தொகுதி புது உருவத்தோடு பிழைத்துக்கொண்டது. 1952-ல் சென்னை ராஜ்யச் சட்டசபைக்கு 375 ஸ்தானங்கள், தொகுதிகள் 309. அவற்றுள் 66 இரட்டைத் தொகுதிகள். ஆந்திரம் பிரிந்து, மொழிவழி ராஜ்யங்கள் அமைந்தபின் 1957-ல் ஸ்தானங்கள் 205, தொகுதிகள் 167, இரட்டைத் தொகுதிகள் 38. பார்லிமெண்டிலும் இதே முறைதான். 1952-ல் வடக்கு வங்காளத்தில் மூன்று அங்கத்தினர் கொண்ட தொகுதி ஒன்றுகூட இருந்தது!

இதில் ஒரு நுட்பம் உண்டு. பிரிட்டிஷ் காலத்துப் பம்பாய் மாகாணத்தில் வாக்காளர் தம்முடைய எல்லா ஓட்டுகளையும் விரும்பினால் ஒரே அபேட்சகருக்குப் போடலாம். சிறு கூட்டத்தார் ஒற்றுமையாக நின்றால் தமக்கு வேண்டியவரை ஜயிக்க வைக்க அது உதவிற்று. குடியரசின் சட்டமோ அதைத் தடுத்தது. இரண்டு ஓட்டு உண்டு. ஆனால் ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் போடக் கூடாது. ஆகவே இரண்டாவது ஓட்டை வேறொருவருக்குப் போட வேண்டும், அல்லது வீணாக்க வேண்டும்.

இந்த இரண்டாவது ஓட்டிலேதான் சூட்சுமம் அடங்கியிருந்தது. ஊர்க்காரர் தம் மனிதருக்கு ஒரு சீட்டைப் போட்டுவிட்டார். கையில் மற்றொரு சீட்டு மிஞ்சி நிற்கிறது. அதைச் சேரி மனிதருக்குப் போடுவதா, வேண்டாமா? அவருடைய மனச்சாட்சிக்கு வைத்த பரீட்சை அது. சேரியில் உள்ளவருக்கும் அதே உரிமை. தம் பிரதிநிதிக்கு ஒன்று, ஊர்ப் பெரியவருக்கு ஒன்று. ஆகையால் ஊர்ப் பெரியவரும் சேரிக்குள் சென்று கைகூப்ப வேண்டியிருந்தது. ஒருவரை ஒருவர் தொடாமல் இருந்த இரண்டு தெருக்களையும் ஐந்து வருஷத்துக்கு ஒருநாள் ஒரே கயிற்றில் கட்டிய ஏற்பாடு என்று இதைச் சொன்னால் தவறாகாது.

ஆனால் குறைகளையும் மறைக்கக் கூடாது. தொகுதி இரண்டு மடங்கு பெரிது. மாட்டு வண்டியும் கால்நடையுமே பெரும்பாலும் கதியாயிருந்த காலத்தில் அதைச் சுற்றி வருவது எளிதல்ல. செலவும் இரட்டிப்பு. ஒதுக்கப்பட்ட ஸ்தானத்துக்கு நிற்கும் ஏழை அபேட்சகர், பொது ஸ்தானத்துக்கு நிற்கும் செல்வரின் வண்டியிலே ஏறிக்கொண்டு, அவர் நிழலிலே நின்று ஓட்டுக் கேட்க வேண்டிய நிலை எளிதில் நேரும். பெரும்பான்மையோரின் தயவில் வருகிறவர் தம் மக்களுக்காக நிமிர்ந்து பேசுவாரா என்பதுதான் டாக்டர் அம்பேத்கர் ஆதியிலிருந்தே எழுப்பிய கேள்வி. அவரே 1952-ல் வடக்குப் பம்பாய் இரட்டைத் தொகுதியில் ஒதுக்கப்பட்ட ஸ்தானத்துக்கு நின்று, சுமார் 14,500 ஓட்டுகளில் தோற்றார். செல்லாமற் போன ஓட்டுகள் பற்றி அப்பொழுது எழுந்த வழக்கு, இரண்டு ஓட்டு முறையில் எத்தனை சூழ்ச்சிக்கு இடமுண்டு என்பதை நாட்டுக்குக் காட்டிற்று.

இத்தனை குறைகள் இருந்தும் அந்த முறைக்கு முடிவு வந்தது வேறோர் அதிசயத்தை அடுத்துத்தான். 1957-ல் ஆந்திரத்தில் பார்வதிபுரம் பார்லிமெண்டுத் தொகுதி இரட்டைத் தொகுதி. ஒரு ஸ்தானம் மலைவாழ் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. பொது ஸ்தானத்தை நாடி நின்றவர்களில் ஒருவர் வி. வி. கிரி, தொழிலாளர் தலைவர், மத்திய மந்திரியாயிருந்தவர், பின்னாளில் ராஷ்டிரபதியானவர். ஓட்டுகளை எண்ணிப் பார்த்தபோது மலைவாழ் வகுப்பினர் இருவரும் அவரைவிட அதிக ஓட்டுப் பெற்றிருந்தார்கள். ஒருவர் ஒதுக்கப்பட்ட ஸ்தானத்துக்கும், மற்றவரான சூரி தோரா பொது ஸ்தானத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கிரி வழக்காடினார். ஒதுக்கப்பட்ட வகுப்பினர் பொது ஸ்தானத்தைப் பெறுவதற்குத் தடையில்லை என்று 1959-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பொது என்றால் எல்லோருக்கும் பொதுதானே? நியாயமான தீர்ப்புத்தான். ஆனால் இனிமேல் தங்கள் ஸ்தானமும் கைவிட்டுப் போகலாம் என்ற கவலை பல பெரியவர்களுக்கு அன்றுதான் பிறந்தது.

1961-ன் தொடக்கத்திலேயே இரட்டை அங்கத்தினர் தொகுதிகளை ஒழிக்கும் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறிற்று. ஒவ்வோர் இரட்டைத் தொகுதியும் இரண்டாக வெட்டப்பட்டது; தாழ்த்தப்பட்டோர் அதிகமாக வசிக்கும் பாதி, தனித் தொகுதியாயிற்று. 1962-ல் சென்னைச் சட்டசபையின் 206 ஸ்தானங்களும் ஓர் அங்கத்தினர் தொகுதிகளே.

சௌகரியத்தைக் கருதினால் இது நல்ல சீர்திருத்தம். தொகுதி சிறிதாயிற்று, செலவு குறைந்தது, ஒதுக்கப்பட்ட ஸ்தானத்துக்கு வந்தவர் மற்றொருவரின் நிழலில் நில்லாமல் தாமே தம் தொகுதியின் ஒரே பிரதிநிதியாக நிமிர்ந்தார். இதைச் சிறிய லாபமென்று எவரும் சொல்ல முடியாது.

நஷ்டம் யாதெனில், தனித் தொகுதிக்கு வெளியே வசிக்கும் தாழ்த்தப்பட்ட வாக்காளருக்குத் தம் வகுப்பிலிருந்து ஒரு பிரதிநிதி கிடைப்பது அரிதாயிற்று. அதற்கும் மேலாக ஒன்று. தனித் தொகுதிக்குள் இருக்கும் மற்ற வகுப்பினரில் சிலர், "எங்கள் ஸ்தானம் பறிபோயிற்று" என்று பேசத் தொடங்கினார்கள். இரட்டைத் தொகுதியில் இப்பேச்சுக்கே இடமில்லை. பொது ஸ்தானம் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. இந்தப் புகைச்சல் சட்டசபைத் தொகுதிகளைவிடப் பஞ்சாயத்துகளில் கொழுந்துவிட்டு எரிந்ததை நம் மதுரைச் சீமையே கண்டது. மேலவளவுப் பஞ்சாயத்துத் தலைமை ஒதுக்கப்பட்டதனால் தலைவராக வந்த முருகேசனும் அவரைச் சேர்ந்த ஐவரும் 1997 ஜூன் 30-ம் தேதி கொலையுண்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996 முதல் பத்து வருஷங்கள் பஞ்சாயத்துத் தேர்தல் முறையாக நடைபெற முடியவில்லை, 2006-ல்தான் நடந்தது. இரட்டைத் தொகுதி இருந்திருந்தால் இவையெல்லாம் நேர்ந்திரா என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு ஸ்தானம் ஒருவருக்குத்தான் என்றவுடன், பங்கிட்டுக்கொள்ள மனமில்லாதவனின் கண்ணுக்குப் பிறர் உரிமை தன் நஷ்டமாகவே தோன்றுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

பல அங்கத்தினர் தொகுதியைச் சிறுபான்மையோரின் கவசமாகக் கொண்ட நாடு நமக்குப் பக்கத்திலேயே உண்டு. இலங்கையில் 1948-ல் மலையகத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. நெடுங்காலத்துக்குப் பின் 1977-ல், நுவரெலியா - மஸ்கெலியா என்ற மூன்று அங்கத்தினர் தொகுதியிலிருந்து தொண்டமான் பார்லிமெண்டுக்குச் சென்றார். அதே தொகுதியில் அவரோடு ஜயித்தவர்கள் காமினி திஸாநாயக்காவும், அநுரா பண்டாரநாயக்காவும். மூன்று ஸ்தானங்களில் ஒன்றைத் தோட்டத் தொழிலாளி தன் ஓட்டின் பலத்தால் பெற்றான். மற்ற இரண்டும் மற்றவர்களுக்கு இருந்தன.

இன்று தமிழ்நாட்டுச் சட்டசபையின் 234 ஸ்தானங்களுள் 44 தாழ்த்தப்பட்டோருக்கும் 2 மலைவாழ் மக்களுக்கும் ஒதுக்கப்பட்டவை. மற்ற 188-ம் பொது. பார்வதிபுரத்தில் சூரி தோரா ஜயித்ததுபோல அந்தப் பொதுவில் எத்தனை பேர் ஜயிக்கிறார்கள்? கட்சிகள் எத்தனை பேரை நிறுத்துகின்றன? நேயர்கள் தங்கள் ஜில்லாவை மனத்தில் எண்ணிப் பார்த்தால் போதும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஸ்தானம் ஒதுக்கும் 106-வது அரசியல் சட்டத் திருத்தம் 2023-ல் நிறைவேறியது. அவர்களுடைய ஸ்தானங்களைப் பற்றிப் பேசும்பொழுதும், "யாருடைய இடம் போகும்?" என்ற கேள்விதான் முதலில் காதில் விழுகிறது. "இன்னார் வருகிறார்" என்ற பேச்சு பிறகே வருகிறது.

இனி அப்பத்தாவிடம் திரும்புவோம்.

இரட்டைத் தொகுதியைப் பற்றிப் படித்த அன்று மாலை, நான் நேரே வீட்டுக்குப் போய் அவள் காலடியில் உட்கார்ந்தேன். "அப்பத்தா, நீ சொன்னது நிஜந்தான். ரெண்டு ஓட்டு இருந்திருக்கு" என்றேன். அவள் முகத்தில் வந்த பெருமிதத்தைப் பார்க்க வேண்டுமே! சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதுவரையில் எவரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொன்னாள்.

அன்று அவளுக்கு இருபத்திரண்டு வயது. மாமனார் வைத்ததே வீட்டில் சட்டம். புறப்படும் பொழுது அவர் மருமகள்களைக் கூப்பிட்டு நிறுத்தி, "நம்ம ஆளு பெட்டியிலே ஒரு சீட்டைப் போடுங்க. இன்னொண்ணை மடியிலே செருகி எடுத்துக்கிட்டு வந்துடணும். வீட்டிலே வந்து என் கையிலே கொடுக்கணும்" என்று உத்தரவிட்டிருக்கிறார். மற்ற மருமகள்கள் அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்.

"நீ என்ன செஞ்சே?"

"மறைப்புக்குள்ளே போயிட்டேன். ரெண்டு பெட்டி பக்கத்திலே பக்கத்திலே இருந்துச்சு. எனக்கு முன்னாடி வரிசையிலே வந்தவ நம்ம காட்டிலே களை எடுக்கிறவ. அவளும் நம்ம ஆளுக்கு ஒண்ணு போட்டுட்டுத்தானே போயிருப்பா? நாம மட்டும் போடாம மடியிலே செருகினா அது திருட்டு இல்லையா? போட்டுட்டேன்."

"தாத்தாவின் அப்பா கேட்கவில்லையா?"

"கேட்டார். ஆபீசர் திருப்பி வாங்கிக்கிட்டாருன்னு சொல்லிட்டேன்."

ஐம்பது வருஷங்களுக்கு முன் சொன்ன அந்தப் பொய்யை நினைத்து அவள் பொக்கை வாயால் சிரித்தாள். "பொய்தான், சாமி மன்னிச்சிடும். ஆனா அந்த மறைப்புக்குள்ளே மாமாவால வர முடியலே பாரு!" என்றாள்.

ஒரு கூட்டுத் தொகுதியால் நாட்டுக்கு என்ன நன்மை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பதில் அவ்வளவுதான். களை எடுப்பவள் தன் எஜமானரின் மனிதருக்கு ஓர் ஓட்டுப் போட்டாள். எஜமானரின் மருமகள் அவளுடைய மனிதருக்கு ஓர் ஓட்டுப் போட்டாள். அன்றைக்கு அந்த ஊரில் இரண்டு பெண்கள் கணக்கைச் சரி செய்துவிட்டார்கள்.

அப்பத்தா இப்பொழுது இல்லை. இரட்டைத் தொகுதியும் இல்லை. அது மீண்டும் வருமென்று நான் எதிர்பார்க்கவுமில்லை. நமக்கு இப்பொழுது ஓர் ஓட்டுத்தான். ஆயினும் ஓட்டுச் சாவடியில் அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் நிற்கும் பொழுதெல்லாம், மடியில் இன்னொரு சீட்டு இருப்பது போலவே எனக்குத் தோன்றுகிறது. அதைப் போட்டுவிட்டேனா, அல்லது செருகிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறேனா என்று ஒரு கணம் யோசித்த பிறகே வெளியே வருகிறேன்.